கையெழுத்துக்குக் கெடு உண்டா?

மக்கள் வாக்களித்தனர். மன்றம் கூடிற்று. மசோதா வந்தது, வாதம் நடந்தது, வாக்கெடுப்பில் வெற்றியும் கிடைத்தது. பிறகு? பிறகு ஒரே ஒரு கையெழுத்து வேண்டும். அதைப் போட வேண்டியவர் போடவும் இல்லை. போட மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. ஏன் போடவில்லை என்று கேட்டால் விடை கூறவும் இல்லை. மாளிகையின் கதவு சாத்தியிருக்கிறது, மேசைமீது தாள் கிடக்கிறது, நாட்காட்டி மட்டும் நாள்தோறும் கிழிபடுகிறது. இதற்கு என்ன பெயரிடுவது? மறுப்பு என்பதா, ஒப்புதல் என்பதா, ஆராய்ச்சி என்பதா, ஆணவம் என்பதா?

சட்ட அறிஞர் இதனை அரசியல் சட்டச் சிக்கல் என்பர். கட்சி நடத்துவோர் மத்திக்கும் மாநிலத்துக்கும் இடையே நடக்கும் இழுபறி என்பர். இரண்டும் உண்மையே. ஆயினும் இவ்விரண்டுக்கும் அடியில் ஓர் அறவினா கிடக்கிறது. பகுத்தறிவாளர் கை வைக்க வேண்டிய இடம் அதுதான். பலர் கூடி எடுத்த முடிவைத் தனியொருவர் தடுத்து நிறுத்தலாம் என்று ஒரு நாடு ஏற்பாடு செய்துகொள்கிறது. செய்துகொள்ளட்டும். அவ்வாறு தடுப்பவர் காரணம் கூறக் கடமைப்பட்டவரா, இல்லையா? காலம் குறிக்கக் கடமைப்பட்டவரா, இல்லையா? வாய்மூடி இருப்பதும் ஓர் உரிமைதான் என்று நாம் ஒப்புக்கொள்ளலாமா?

இந்த வினாவை நமக்கு முன்பே கேட்டவர்கள் உண்டு. கேட்டதோடு நில்லாமல், அதைக் குற்றப்பட்டியலில் எழுதி உலகின்முன் வைத்து, ஒரு பேரரசை எதிர்த்துத் துப்பாக்கியும் தூக்கினர். 1776ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்றங்கள் வெளியிட்ட விடுதலைப் பிரகடனத்தைத்தான் கூறுகிறேன். வரிக் கொடுமையால் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர் என்று பள்ளியில் படித்தோம். பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய கதையையும் படித்தோம். ஆனால் மூன்றாம் ஜார்ஜ் மன்னன்மீது அவர்கள் சாட்டிய குற்றங்களின் வரிசையில் முதலிடம் வரிக்கு இல்லை. பொதுநலத்துக்குத் தேவையான சட்டங்களுக்கு மன்னன் இசைவு தர மறுத்தான் என்பது முதற்குற்றம். அவசரத் தேவையான சட்டங்களையும் தன் இசைவு வரும்வரை நிறுத்தி வைக்குமாறு கவர்னர்களுக்குக் கட்டளையிட்டு, நிறுத்திய பின் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை என்பது இரண்டாவது குற்றம். வரி பற்றிய வரி வெகுதூரம் தள்ளித்தான் வருகிறது!

மன்னன் மறுத்தது ஒரு குற்றம். மறுக்காமலே கிடப்பில் போட்டது தனியாக இன்னொரு குற்றம். இரண்டையும் பிரித்து எழுதினார்களே, அந்த நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மறுப்பவனோடு வாதாடலாம். கிடப்பில் போடுபவனோடு எப்படி வாதாடுவது?

விடுதலை பெற்றவர்கள் 1787இல் பிலடெல்பியா நகரில் கூடி அரசியல் சட்டம் வரைந்தனர். அங்கே ஒரு சுவையான சம்பவம் நடந்தது. அரசியல் சட்டத்தின் தந்தை என்று பின்னாளில் புகழப்பட்ட ஜேம்ஸ் மாடிசன், மாநிலங்களின் சட்டமன்றங்கள் இயற்றும் சட்டங்களைத் தள்ளிவிடும் அதிகாரம் மத்திய மன்றத்துக்கு வேண்டும் என்று வாதாடினார். சாதாரண ஆளல்லர் அவர்; அந்தக் கூட்டத்தில் அவரைவிடப் படித்துவிட்டு வந்தவர் எவருமிலர். ஆயினும் ஜூலை 17ஆம் நாள் அந்த யோசனை தோற்றது. லண்டனில் இருந்த தடைக்கல்லைப் பெயர்த்து வந்து உள்ளூரில் நடுவதற்காகவா போராடினோம் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும். மாநிலச் சட்டம் அரசியல் சட்டத்தை மீறினால் நீதிமன்றம் சொல்லட்டும் என்ற வழியே நிலைத்தது. இன்றுவரை கலிபோர்னியா மாநிலம் இயற்றும் சட்டம் எதுவும் வாஷிங்டனில் இருக்கும் அதிபரின் கையெழுத்துக்காகக் காத்திருப்பதில்லை. அங்கும் மாநிலத்துக்குக் கவர்னர் உண்டு. ஆனால் அந்த மாநில மக்களே வாக்களித்து அமர்த்திய கவர்னர் அவர்.

மத்தியச் சட்டங்களுக்கு மட்டும் அதிபரின் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தை எப்படிக் கட்டிப்போட்டனர் என்பதுதான் படிக்கப் படிக்க இனிக்கும் பகுதி.

அவர்களின் நாடாளுமன்றத்துக்குக் காங்கிரசு என்று பெயர். பெயரைக் கேட்டதும் நம் நாட்டுக் கதர்க் கட்சி நினைவுக்கு வருமானால் அதை ஒதுக்கிவிட்டுப் படியுங்கள்! அதில் இரண்டு அவைகள். பிரதிநிதிகள் சபையில் 435 பேர். மக்கள்தொகைக்கேற்ப மாநிலங்களுக்கு இடம். இரண்டாண்டுக்கு ஒருமுறை அத்தனை பேரும் மக்கள்முன் வந்து நிற்க வேண்டும். செனட் சபையில் 100 பேர், சிறிதோ பெரிதோ, மாநிலத்துக்கு இருவர், ஆறாண்டுக் காலம், இரண்டாண்டுக்கொருமுறை மூன்றில் ஒரு பங்கினர் தேர்தலைச் சந்திப்பர். செனட்டர்களை முதலில் மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. 1913ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கின்றனர். வரி விதிக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில்தான் பிறக்க வேண்டும். எந்த மசோதாவும் இரு அவைகளிலும் எழுத்துப் பிசகாமல் ஒரே வடிவில் நிறைவேற வேண்டும்.

நிறைவேறிய மசோதா அதிபரிடம் போகிறது. போன நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. பத்து நாட்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் விலக்கு. அதற்குள் அவர் கையெழுத்திடலாம். பிடிக்கவில்லையா, திருப்பி அனுப்பலாம். ஆனால் வெறுமனே அனுப்ப முடியாது. தம் மறுப்புரைகளை எழுதி, எந்த அவையில் மசோதா பிறந்ததோ அந்த அவைக்கே அனுப்ப வேண்டும். அந்த அவை அவற்றைத் தன் நடவடிக்கைக் குறிப்பில் முழுமையாகப் பதிந்துகொண்டு மீண்டும் ஆராய வேண்டும். இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கினர் மீண்டும் ஆதரித்தால் அதிபர் வேண்டாமென்றாலும் அது சட்டமாகும். அந்த வாக்கெடுப்பிலும் கூட்டத்தோடு கோவிந்தா போட முடியாது. ஆதரித்தவர் யார், எதிர்த்தவர் யார் என்று பெயர்பெயராகக் குறிக்க வேண்டும். கையெழுத்தும் இடாமல், திருப்பியும் அனுப்பாமல் அதிபர் சும்மா இருந்தால்? பத்து நாள் கழிந்ததும் மசோதா தானே சட்டமாகிவிடும்! அவருடைய மௌனம் மக்கள் மன்றத்தின் பக்கம் சேர்க்கப்படுகிறது.

ஓர் ஓட்டை உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பத்து நாள் முடிவதற்குள் காங்கிரசு தன் கூட்டத்தை முடித்துக்கொண்டு கலைந்துவிட்டால், கையெழுத்தில்லாத மசோதா செத்துவிடும். சட்டைப்பை மறுப்பு என்று இதற்குக் கேலிப்பெயர். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அதிபர் போய்விடுகிறாராம்.

காரணம் எழுதச் சொன்னதால் என்ன பயன் என்று கேட்கலாம். 1866ஆம் ஆண்டைப் பாருங்கள். உள்நாட்டுப் போர் ஓய்ந்து, அடிமை முறை ஒழிந்து, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் கையில் காசும் இல்லாமல், காலடியில் நிலமும் இல்லாமல் நின்ற நேரம். அந்நாட்டில் பிறந்தவர் அந்நாட்டுக் குடிமக்கள், கறுப்பினத்தாருக்கும் ஒப்பந்தம் செய்ய, வழக்காட, சொத்து வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்று காங்கிரசு ஒரு மசோதாவை நிறைவேற்றியது. லிங்கனுக்குப் பின் பதவிக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன் மார்ச் 27ஆம் நாள் அதைத் திருப்பி அனுப்பினார். விதிப்படி காரணமும் எழுதினார். அவர் கூறிய காரணங்களுள் ஒன்று: இந்த மசோதா கறுப்பருக்குச் சலுகையும் வெள்ளையருக்குப் பாதகமும் செய்கிறதாம்! வகுப்புரிமை ஆணையைப் பற்றி நம் நாட்டில் எழுந்த ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு இந்த ராகம் புதிதாயிராது. நூற்றாண்டுக்கணக்கில் மிதித்தவன், மிதிபட்டவன் எழுந்து நின்றதும் தனக்கு அநீதி என்கிறான்.

ஆனால் அந்தக் காரணம் எழுத்தில் இருந்தது. எவரும் படிக்கலாம், எவரும் மறுக்கலாம். மன்றத்தில் மறுத்தனர். ஏப்ரல் 6ஆம் நாள் செனட்டில் 33க்கு 15, ஏப்ரல் 9ஆம் நாள் பிரதிநிதிகள் சபையில் 122க்கு 41 என்று வாக்கெடுத்து அதிபரின் மறுப்பைத் தள்ளிவிட்டு அதைச் சட்டமாக்கினர். ஜான்சன் காரணம் எழுதாமல் தாளை இரண்டாண்டு தலையணைக்கடியில் வைத்திருக்க முடிந்திருந்தால், அந்த விவாதமே நடந்திராது. அவருடைய உள்ளத்தில் இருந்த நிறவெறியை இன்று நாம் இவ்வளவு துல்லியமாகக் காட்டவும் முடியாது.

அமெரிக்கா என்றதும் அர்ச்சனை செய்யப் புறப்பட்டுவிட்டேன் என்று எவரும் எண்ண வேண்டாம். அதே 1787ஆம் ஆண்டுச் சட்டம்தான் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது அடிமை ஒருவனை ஐந்தில் மூன்று பங்கு மனிதனாக எண்ணியது. அதே சட்டத்தின் கீழ்ப் பெண்கள் நாடு முழுதும் வாக்குரிமை பெற 1920 வரை காத்திருக்க நேர்ந்தது. அதிபரின் மௌனத்துக்குப் பூட்டுப் போட்டார்களே தவிர, தங்கள் மன்றத்துக்குள்ளேயே வேறொரு மௌனத்தை வளர்த்துக்கொண்டனர். அங்கே மசோதாக்கள் முதலில் குழுக்களுக்குப் போகும். குழுத் தலைவர் மனம் வைக்காவிட்டால் மசோதா அங்கேயே மக்கிப்போகும்.

வர்ஜீனியா மாநிலத்து ஹோவர்ட் ஸ்மித் என்பவர் 1955 முதல் பிரதிநிதிகள் சபையின் விதிக்குழுத் தலைவர். எந்த மசோதா எப்போது சபைக்கு வரலாம் என்று வழிவிடும் குழு அது. 1957இல் கறுப்பின மக்களின் உரிமை மசோதா அவர் குழுவுக்கு வந்தபோது மனிதர் தலைநகரிலேயே இல்லை! பண்ணையில் களஞ்சியம் தீப்பிடித்துவிட்டது, பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். தலைவர் இல்லாமல் குழு கூடாது. குழு கூடாமல் மசோதா நகராது. நம்மூரில் கிராம முன்சீப்பைத் தேடிப் போனால் "ஐயா வயலுக்குப் போயிருக்கிறார்" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வருமே, அந்த வித்தைதான். ஆயினும் அதற்கும் அங்கே மருந்து இருந்தது. சபை உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்ட 218 பேர் கையெழுத்திட்டு விண்ணப்பித்தால் குழுவிடமிருந்து மசோதாவைப் பிடுங்கிச் சபைக்குக் கொண்டுவரலாம். 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது இந்த விண்ணப்பத்தைக் காட்டி அவரை நெருக்கினர்; அவர் வழிவிட்டார். 1966இல் அவருடைய கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்வில் வாக்காளர்களே அவரை வீட்டுக்கு அனுப்பினர். களஞ்சியத்தைக் கவனிக்க நிறைய நேரம் கிடைத்திருக்கும்.

இனி நம் கதை. கவர்னரிடம் மசோதாவை ஒப்படைக்கும் முறை நாம் கண்டுபிடித்ததன்று. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் வெள்ளையன் எழுதி வைத்தது. இசைவு தருவதும், நிறுத்தி வைப்பதும், மேலிடத்துக்கு அனுப்புவதும் கவர்னரின் சொந்த விருப்பம் என்றே அதில் இருந்தது. 1937இல் சென்னை மாகாணத்தில் வென்ற காங்கிரசு, கவர்னர் தம் தனி அதிகாரங்களைப் பயன்படுத்தித் தலையிட மாட்டார் என்று உறுதி கேட்டு, அமைச்சரவை அமைக்காமல் மூன்று மாதங்களுக்கு மேல் ஒதுங்கி நின்றது. அந்த இடைவெளியில் நீதிக்கட்சியின் கூர்ம வெங்கட ரெட்டி நாயுடு இடைக்கால அமைச்சரவை நடத்தினார் என்பது நம் இயக்கத்தார் அறிந்த வரலாறு. வெள்ளைக் கவர்னரிடம் அவ்வளவு அச்சம் கொண்டிருந்தவர்கள், ஆட்சி தங்கள் கைக்கு வந்ததும் கவர்னர் பதவியைக் கழற்றி எறிந்தார்களா? இல்லை. நாற்காலிக்கு உறை மாற்றினர், அவ்வளவே. ஆட்டுக்குத் தாடி எதற்கு என்று அண்ணா கேட்டாரே, அந்தத் தாடி வளர்ந்த கதை இது.

நேர்மையாகச் சொல்வதானால், அரசியல் நிர்ணய சபை ஒன்றைச் செய்தது. வரைவில் இருந்த 'தம் விருப்பப்படி' என்ற சொற்களை 1949இல் நீக்கியது. ஆனால் இன்னொன்றையும் செய்தது. நாடாளுமன்ற மசோதாவைக் குடியரசுத் தலைவர் ஆறு வாரத்துக்குள் திருப்பி அனுப்பலாம் என்று வரைவில் இருந்த கெடுவை எடுத்துவிட்டு, 'இயன்ற விரைவில்' என்று எழுதியது. எச். வி. காமத் என்ற உறுப்பினர் எழுந்து, இது பிடிகிடைக்காத சொல்லாயிற்றே என்று எதிர்த்தார், எடுபடவில்லை. கவர்னருக்கும் அதே 'இயன்ற விரைவில்'தான். 200ஆம் பிரிவைப் படியுங்கள். நாள் கணக்கு எங்கும் இல்லை. 201ஆம் பிரிவில் ஒரு நாள் கணக்கு இருக்கிறது. யாருக்குத் தெரியுமா? குடியரசுத் தலைவர் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட மசோதாவை மாநிலச் சட்டமன்றம் ஆறு மாதத்துக்குள் ஆராய வேண்டுமாம்! மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்துக்குக் கெடு, தேர்ந்தெடுக்காதவருக்கு அவகாசம். மாடிசன் கேட்டு, மறுக்கப்பட்டு, வெறுங்கையோடு திரும்பினாரே, அந்த அதிகாரம் இங்கே 200, 201 என்று எண் போட்டு வீற்றிருக்கிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. தாம்பரத்திலிருந்து தெற்கே செல்லும் ரயில் தடத்தில் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் என்று வரிசையாக ஊர்கள். அவற்றில் கூலி வேலையும் தொழிற்சாலை வேலையும் செய்வோரின் பிள்ளைகள் படிப்பது அரசுப் பள்ளிகளில். அதே தடத்தின் கோடியில், 1965இல் தொடங்கப்பட்ட செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி. பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் 'நீட்' தேர்வு வந்தபின் அது கடக்க முடியாத கடலாயிற்று. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் மசோதாவைச் சட்டமன்றம் 2020 செப்டம்பர் 15ஆம் நாள் நிறைவேற்றியது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒன்றுபட்ட காட்சி. அப்போதைய கவர்னர் பன்வாரிலால் புரோகித், ஆராய இன்னும் மூன்று நான்கு வாரம் வேண்டும் என்றார். மாணவர் சேர்க்கைக் காலமோ நெருங்கிவிட்டது. பொறுக்க மாட்டாமல் அக்டோபர் 29ஆம் நாள் அரசு தன் நிர்வாக அதிகாரத்தைக் கொண்டு அரசாணை பிறப்பித்தது. மறுநாளே கவர்னரின் கையெழுத்து வந்தது! மூன்று நான்கு வாரத்து ஆராய்ச்சி ஓரிரவில் முடிந்த விந்தையை என்னென்பது? ஆராய்ச்சிக்கு நாள் தேவைப்பட்டதா, அரசாணை தேவைப்பட்டதா?

இணையச் சூதாட்டத் தடை மசோதா 2022 அக்டோபர் 19இல் நிறைவேறியது. அடுத்த ஆண்டு மார்ச் 6இல் திரும்பி வந்தது. 23இல் மீண்டும் நிறைவேறியது. ஏப்ரல் 10இல் இசைவு கிடைத்தது. சட்டமன்றத்துக்கு இதில் அதிகாரமில்லை என்று காரணம் கூறித்தான் கவர்னர் ஆர். என். ரவி திருப்பினார். காரணம் தவறென்று நான் எண்ணுகிறேன். ஆனால் காரணம் என்று ஒன்று வந்ததால்தான் மன்றம் விடை கூற முடிந்தது. அதற்கு நான்கரை மாதம் ஏன் ஆயிற்று என்பதற்கு மட்டும் விடை இல்லை.

பல்கலைக்கழக மசோதாக்களின் கதை இன்னும் நீளம். 2020 ஜனவரியில் மன்றத்தில் நிறைவேறிய கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத் திருத்தமும் மீன்வளப் பல்கலைக்கழகத் திருத்தமும் 2023 நவம்பர் வரை கிடந்தன. இரு கவர்னர்களின் மேசைகளைப் பார்த்தாயிற்று. மாநில அரசு உச்ச நீதிமன்றப் படியேறிய பின்னர், நவம்பர் 13ஆம் நாள் பத்து மசோதாக்களும் ஒருசேரத் திரும்பின. இசைவை நிறுத்தி வைக்கிறேன் என்பதன்றிக் காரணம் ஏதும் கூறப்படவில்லை. 18ஆம் நாள் மன்றம் கூடிப் பத்தையும் மீண்டும் நிறைவேற்றியது. மறுமுறை நிறைவேறினால் இசைவு தர வேண்டிய கவர்னர், 28ஆம் நாள் பத்தையும் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார்.

கவுளி அடித்தால் பலன் பார்க்கும் பழக்கத்தை நாம் பழித்தோம். சாமி பூக்கொடுக்கவில்லை, உத்தரவு வரவில்லை என்று பூசாரி சொன்னால், கல் எப்படியப்பா உத்தரவு தரும் என்று கேட்டோம். அந்த நாட்டில், படித்தவர்களையெல்லாம் கூட்டி, கவர்னர் மாளிகையின் மௌனத்துக்குப் பலன் பார்க்க வைத்துவிட்டனரே! மௌனம் என்றால் மறுப்பாம், இல்லை, யோசனையாம், இல்லை, டெல்லியின் சைகையாம். பேசாத ஒன்றின் பெயரால் எவரும் எதையும் பேசலாம் என்பதுதான் பூசாரித்தனத்தின் முதலீடு. அது கோயிலில் இருந்தால் என்ன, கோட்டைக்கு அருகே இருந்தால் என்ன?

2025 ஏப்ரல் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் இருவரும், அந்தப் பத்து மசோதாக்களும் இசைவு பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தனர். கவர்னருக்கும் குடியரசுத் தலைவருக்கும் மாதக் கணக்கில் கெடுவும் குறித்தனர். அமெரிக்கர் தாளில் எழுதி வைத்ததை நம் நீதிமன்றம் தீர்ப்பில் எழுதிற்று என்று மகிழ்ந்தோம். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. குடியரசுத் தலைவர் பதினான்கு வினாக்களை எழுப்ப, ஐந்து நீதிபதிகள் கொண்ட ஆயம் நவம்பர் 20ஆம் நாள் கருத்துரைத்தது. அரசியல் சட்டத்தில் இல்லாத கெடுவை நீதிமன்றம் விதிக்க முடியாது. இசைவு தந்ததாகக் கருதுவது என்பதும் ஏற்கத்தக்கதன்று. ஆயினும் மன்றத்துக்குத் திருப்பாமலே கவர்னர் மசோதாவை முடக்கிவிட முடியாது. விளக்கமின்றி, வரம்பின்றி, நெடுங்காலம் வாளாவிருந்தால் முடிவெடுக்குமாறு நீதிமன்றம் ஆணையிடலாம் என்றது. வேறு சொற்களில் கூறினால், கெடு வேண்டுமானால் அதை அரசியல் சட்டத்தில்தான் எழுத வேண்டும்.

கவர்னர் சிந்திக்க வேண்டாமா என்று சிலர் கேட்பர். பெரும்பான்மை வெறியில் ஒரு மன்றம் அநியாயச் சட்டம் இயற்றினால் தடுக்க ஒருவர் வேண்டாமா என்பர். இதை எளிதில் ஒதுக்க மாட்டேன். கடவுள் மறுப்பாளர் எந்நாட்டிலும் சிறுபான்மையினர். பெரும்பான்மையின் கால் எவ்வளவு கனமானது என்று முதுகில் உணர்ந்தவர்கள். பிரேக் இல்லாத வண்டியில் ஏற நமக்கும் அச்சம்தான். ஆனால் சிந்தித்தவரிடம் சிந்தனையின் விளைவு இருக்குமல்லவா? அதைச் சொல்லட்டும். ஐம்பது ரூபாய்த் தகராற்றைத் தீர்க்கும் முன்சீபு கோர்ட்டு நீதிபதி, தீர்ப்புக்குக் காரணம் எழுதுகிறார். எட்டுக் கோடி மக்களின் மன்றத்தை நிறுத்துபவருக்கு மட்டும் அந்தக் கடமை ஏன் இல்லை? சிந்திக்கிறேன் என்பவனையும் தூங்குபவனையும் வெளியிலிருந்து பிரித்தறிய ஒரே வழி, நாள் குறித்து விடை கேட்பது.

மௌனத்துக்கு ஒரு விலையும் உண்டு. அதை மௌனியாக இருப்பவர் கொடுப்பதில்லை. மசோதா அன்று, ஒரு மனிதனின் விடுதலையே இப்படிக் கிடப்பில் கிடந்தது. பேரறிவாளன் முதலிய எழுவரை விடுவிக்கலாம் என்று 2018 செப்டம்பர் 9ஆம் நாள் தமிழக அமைச்சரவை பரிந்துரைத்தது. இரண்டாண்டுக்கு மேல் அது கவர்னர் மாளிகையில் இருந்தது. 2021 ஜனவரியில் குடியரசுத் தலைவருக்குப் போயிற்று. கடைசியில் 2022 மே 18ஆம் நாள் உச்ச நீதிமன்றமே பேரறிவாளனை விடுவித்தது. வழக்கைப் பற்றி அவரவர்க்கு ஒரு கருத்து இருக்கலாம். ஆனால் முடிவெடுக்காமல் கழிந்த அந்த ஆண்டுகளை எந்தச் சட்டப்பிரிவின் கீழ், யார் அவருக்குத் திருப்பித் தருவது?

இவ்வளவும் டெல்லியையும் கிண்டியையும் நோக்கிக் கேட்டோம். கேட்கும் நாம் இதே அளவுகோலை நம் வீட்டு வாசலிலும் வைத்துப் பார்க்க வேண்டும். சட்டமன்றத்துக்கு மேலே கவர்னர் இருப்பது போல, ஊராட்சிக்கு மேலே மாநில அரசு இருக்கிறது. ஊராட்சியின் காலம் ஐந்தாண்டு, அதற்கு மேல் இல்லை. அது முடியுமுன் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243ஈ பிரிவு கூறுகிறது. இங்கே கெடு எழுதப்பட்டே இருக்கிறது. நடந்தது என்ன?

2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. பழங்குடியினர் இட ஒதுக்கீட்டில் குறை என்று தி.மு.கழகம் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்துச் செய்தது. குறையைச் சரிசெய்து ஆண்டு முடிவதற்குள் தேர்தலை நடத்தியிருக்கலாம்; நீதிமன்றமும் அப்படித்தான் நாள் குறித்தது. அந்த நாளும் போயிற்று, அதன்பின் குறித்த நாட்களும் போயின. வார்டு எல்லை, மறுவரையறை, மீண்டும் வழக்கு என்று அ.தி.மு.க. ஆட்சி ஆண்டுகளை ஓட்டியது. ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினர். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியமும் நின்றது. ஊர் மக்கள் கேட்டால், விசாரணையில் இருக்கிறது என்பதே விடை. கவர்னர் மாளிகையின் மொழி கோட்டைக்கும் நன்றாகவே வந்தது!

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் ஒருவழியாகத் தேர்தல் நடந்தது. ஆனால் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது அதற்கு முந்தைய மாதம்தான். பிரிப்பால் எல்லை மாறிய ஒன்பது மாவட்டங்களுக்கு மறுவரையறை முடியும்வரை தேர்தல் இல்லை என்றாயிற்று. அவற்றுள் செங்கல்பட்டும் ஒன்று. காட்டாங்கொளத்தூர் ஒன்றியத்து ஊரப்பாக்கமும் அதற்குள் அடக்கம். ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் ஏரிக்கரைவரை வீடுகள் பெருகி, குடிநீரும் வடிகாலும் குப்பையும் நாள்தோறும் முடிவு கேட்டு நின்ற ஊர் அது. முடிவெடுக்க அவர்கள் அனுப்பிய ஒருவரும் அங்கு இல்லை. ஒன்பது மாவட்டங்களுக்கும் 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாட்களில் தேர்தல் நடந்தது. ஊரப்பாக்கத்தார் வாக்குச்சாவடியில் வரிசையில் நின்றபோது, 2016இல் அவர்கள் தேர்ந்தெடுத்திருக்க வேண்டிய ஊராட்சி மன்றத்தின் ஐந்தாண்டுக் காலமே முடியும் தறுவாயில் இருந்தது.